சவரக்கத்தி சொன்னபடி கேட்கவில்லையா? கல்லைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த சவரக்கத்தி என் கைக்கு வந்தபோது அதன் முதுகில் ஒரு தேய்மானமும் இல்லை. இன்று அந்த முதுகின் இரு பக்கமும் பட்டையாகத் தேய்ந்து மின்னுகின்றன. தேய்த்தவன் நான். கத்தி தாடியை இழுத்தது. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மழுங்கிவிட்டது என்று முடிவுகட்டிக் கல்லில் தீட்டினேன். மறுபடியும் இழுத்தது, மறுபடியும் தீட்டினேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. வளவில், அதாவது எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில், இருந்த அண்டாவில் ஓட்டிலிருந்து விழுந்த மழைநீர் நிறைந்திருந்தது. அதில் ஒரு செம்பு எடுத்து நுரை கட்டினேன். அதே கத்தி அன்று கன்னத்தில் ஓசையில்லாமல் இறங்கியது. குறை கத்தியில் இல்லை, எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்திருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு அடைப்பத்தோடு (சவரக் கருவிகள் வைக்கும் பை) வந்துபோன நாவிதர் பெரியவரிடம் கத்தியைக் காட்டினேன். முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, கல் கடைசியில்தான். எடுத்த எஃகு திரும்ப வராது” என்றார்.

கீழே உள்ள வரிசை அவரிடம் கற்றதும் நான் தவறு செய்து தெரிந்துகொண்டதும் ஆகும். ஒரே எஃகுத் தகட்டால் ஆன மடக்குச் சவரக்கத்திக்கு மட்டுமே இது பொருந்தும். சலூன்களில் இப்போது பிடிக்குள் பாதி பிளேடு செருகிய கத்தியை வைத்திருக்கிறார்கள். அதில் வாய் போனால் பிளேடை மாற்றினால் போதும்.

கத்தி முடியை இழுக்கிறது

இதற்குக் காரணங்கள் பல. எளிதாகச் சரிசெய்யக்கூடியதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர். ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் பாதியளவு குழாய்த் தண்ணீர் ஊற்றி, சோப்புச் சீவல் கொஞ்சம் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு புட்டியில் மழைநீரையோ சுத்திகரித்த குடிநீரையோ ஊற்றி அதே போலக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை மேலே நிற்கும், அடியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கடினநீரில் நுரை சீக்கிரம் அடங்கி, தண்ணீர் திரிந்த பால்போல் கலங்கும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு கசடாகப் போகிறது. சோப்பைக் கூட்டினாலும் தீராது, கசடுதான் கூடும். கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் நீங்கும்.

காரைக்குடியின் சம்பை ஊற்று நீர் சுவைக்குப் பெயர் பெற்றது. ஆனால் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெருவே தண்ணீர் மாறும். அடுத்த வீட்டுக்காரருக்கு நுரை வருகிறதே என்று உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சவரத்துக்குத் தேவை ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்தான். நம் வீடுகளில் ஓட்டுத் தண்ணீரை வளவில் இறக்கிப் பாத்திரங்களில் பிடித்துவைத்தார்கள். அந்த வழக்கத்தை நான் சவரத்துக்காகவே மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.

அடுத்து நுரையும் ஊறலும். முடி தண்ணீரில் ஊறினால்தான் இளகும். முகத்தைக் கழுவி, நுரை பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். நல்ல நுரையில் கண்ணுக்குத் தெரியும் குமிழ்கள் இருக்காது. கெட்டித் தயிரின் பளபளப்பு இருக்கும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் ஒரு கன்னம் முடிவதற்குள் மறு கன்னத்தில் நுரை உலர்ந்துபோகும். விசிறியை நிறுத்துங்கள். உலர்ந்த இடத்தில் கத்தியை வைக்காமல் மறுபடி நுரை பூசுங்கள்.

மூன்றாவது கோணம். கத்தியைத் தோலில் படுக்கவைத்து, பிறகு முதுகை மட்டும் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் இடையே, முதுகின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி இருக்கட்டும். மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. அது ஏறக்குறைய 30 பாகை. அதற்கு மேல் தூக்கினால் கத்தி வெட்டாமல் சுரண்டும், குறைத்தால் முடி மடங்கி இழுபடும். கத்திக்கு எதிர்த்திசையில் மறு கை தோலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நுரையால் வழுக்கினால் விரல் நுனியில் படிகாரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும்.

நான்காவது தோல்வார், அதாவது வாயைச் சீராக்கக் கத்தியை இழுக்கும் தோல் பட்டை. துணியால் ஆனது துணிவார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் துணிவாரில் 20 முதல் 30 முறையும் தோல்வாரில் 50 முறையும் போய்வர வேண்டும். நேற்று இழுக்காத கத்தி இன்று இழுத்தால் நேற்றும் இன்றும் வாரில் எத்தனை முறை தீட்டினீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் இழுத்தால்தான் வாயைச் சந்தேகிக்க வேண்டும். கத்தியின் வாய் மேலே பார்த்திருக்க, பளிச்சென்ற விளக்குக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, அங்கே ஒன்றுமே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளிக் கோடாக மின்னும். அப்போதும் நேராக 1000 எண் கல்லுக்குப் போகாதீர்கள் (எண் கூடக் கூடக் கல் நயமானது). தனியாக வைத்திருக்கும் ஒரு வாரில் குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையை மெல்லியதாகப் பூசி 10 முறை போய்வாருங்கள். அதிலும் தேறாவிட்டால் 12000 எண் கல்லில், தண்ணீர் விட்டு, கத்தியின் எடை மட்டும் படும்படி 10 முதல் 15 முறை. மாதக்கணக்கில் ஓடிய கத்திக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

முகம் வழவழப்பாகிறது, ஆனால் எரிகிறது

கத்தி நன்றாக வெட்டுகிறது, நாம்தான் அதிகம் வேலை வாங்குகிறோம். ஒரே இடத்தில் மூன்றாவது முறை கத்தி போகிறதா என்று கவனியுங்கள். நுரையில்லாத தோலில் மிச்சத்தைத் துடைக்கும் அந்தக் கடைசி இழுப்புதான் பல நாள் எரிச்சலுக்கு வேர். கை அழுத்தமும் காரணமாகலாம். பிளாஸ்டிக் ரேசரில் பழகிய கை அழுத்திப் பழகிய கை. இங்கே கத்தியைத் தாங்குவதே வேலை, அழுத்துவது அல்ல.

முதல் பத்துப் பன்னிரண்டு சவரங்களுக்கு முடி படிந்திருக்கும் திசையிலேயே ஒரு முறை போய் நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும். தோல் பழகிய பிறகு குறுக்காக, அதற்கும் பிறகே எதிர்த்திசையில்.

கழுத்தில் ஊசி குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள்

கழுத்து முடி எல்லோருக்கும் மேலிருந்து கீழாகப் போவதில்லை. எனக்கு இடப் பக்கம் பக்கவாட்டில் காதை நோக்கிப் போகிறது, குரல்வளைக்குக் கீழே மேல்நோக்கி வளர்கிறது. இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரல் நுனியால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். விரல் தடையில்லாமல் போகும் திசையே முடியின் திசை. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். ஐயா முகப்புக் கண்ணாடியில் முகம் பார்ப்பாரே தவிர, சவரத்துக்கு வளவில்தான் உட்காருவார். திறந்த வானத்திலிருந்து வரும் காலை வெளிச்சத்தில் முடியின் போக்கு தெரிவதுபோல் குழல் விளக்கில் தெரிவதில்லை.

கோடாக வெட்டிவிட்டது

கத்தி வாயின் நீளவாக்கில் நகர்ந்திருக்கிறது. காய்கறியை அரிவதுபோல் ஒரு நூலிழை பக்கவாட்டில் சறுக்கினாலும் தோல் பிளக்கும். காதோரத்திலும் மூக்குக்குக் கீழேயும் நுனி முதலில் பட்டுவிடும், அங்கே இழுப்பைச் சிறியதாக்குங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த படிகாரத்தை அழுத்திப் பிடித்தால் சிறு வெட்டு நின்றுவிடும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கத்தியைத் தொடும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒரு கத்தியை இருவர் பயன்படுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும்.

ஒரு கன்னம் சுத்தம், மறு கன்னம் சொரசொரப்பு

கையா கத்தியா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. வலக் கன்னத்தை வலக் கையாலும் இடக் கன்னத்தை இடக் கையாலும் செய்தால் ஒரு கன்னத்தில் கத்தியின் ஒரு பக்கமும் மறு கன்னத்தில் மறு பக்கமும் படும். மறுநாள் சொரசொரப்பான கன்னத்துக்குக் கையை மாற்றி, கத்தியின் மறு பக்கம் படும்படி மெதுவாகச் செய்து பாருங்கள். அப்படியும் அதே கன்னம் சொரசொரப்பாக இருந்தால் அங்கே தோலை இறுக்கும் கைதான் தளர்கிறது. சொரசொரப்பு கத்தியின் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே வந்தால், கல்லில் ஒரு பக்கம் குறைவாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

வாரில் தீட்டிய பிறகு முன்பைவிட மோசம்

நன்றாக ஓடும் கத்தியைக் கெடுப்பது கல்லைவிட வார்தான் என்று தோன்றுகிறது. வார் தொய்ந்திருந்தால் தோல் வளைந்து வாயைச் சுற்றி ஏறும், கூர் உருண்டுபோகும். இறுக்கிப் பிடியுங்கள். ஜன்னல் கம்பியில் கொக்கி மாட்டி, ஒரு கையால் விறைப்பாக இழுத்தால் போதும். அதற்காகத் தேக்குத் தூணில் ஆணி அடித்துவிடாதீர்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னே தொடர வேண்டும். முதுகு ஒரு கணமும் தோலைவிட்டு எழக் கூடாது. முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். வாயின் மேல் புரட்டினால் வாரும் கிழியும் கத்தியும் கெடும். வேகம் தானாக வரும், நாம் துரத்த வேண்டாம்.

வாரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மணல் துகளோ பழைய வெட்டின் மேடோ தட்டுப்படுகிறதா? வெட்டின் ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்யலாம். பச்சைப் பசை தொட்ட வாரைத் தினசரி வாரோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள்.

கல்லிலிருந்து எடுத்ததும் சீவுகிறது, பாதிச் சவரத்தில் சோர்ந்துவிடுகிறது

அளவுக்கு மீறித் தீட்டியதன் அடையாளம் இது. வாயில் காகிதம்போல் மெல்லிய எஃகு இழை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் கன்னத்தில் அது அசாத்தியமாக வெட்டும். பிறகு ஒடிந்து, வாய் ரம்பமாகிவிடும். மிக நயமான கல்லில், வாரில் தீட்டுவதுபோல் முதுகு முன்னே போகும்படி, எடையே இல்லாமல் நாலைந்து முறை இழுத்தால் அந்த இழை கழன்றுவிடும். பிறகு அதே கல்லில் வழக்கமான திசையில் சில முறை. நான் அந்த இரண்டு மாதத்தில் இந்த இழையைத்தான் கூர்மை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடிப்பகுதி வெட்டுகிறது, நுனி வெட்டவில்லை

வாயின் இருபுறமும் கல் பட்டுத் தேய்ந்த மெல்லிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை தீட்டி, நயமான கல்லில் ஒரே ஒரு முறை போய்வாருங்கள். மை அழியாத இடத்தில் கல் படவில்லை என்று அர்த்தம். கல்லே குழிந்திருக்கலாம், முதலில் கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் கல்லைச் சமன் செய்து மீண்டும் பாருங்கள். கல் சமமாக இருந்தும் நுனியில் மை நின்றால் கத்தி சற்றே முறுக்கியிருக்கிறது. பழைய கத்திகளில் இது சாதாரணம். அழுத்திச் சரிசெய்ய நினைக்காதீர்கள். அடியிலிருந்து நுனிவரை கத்தியைக் குறுக்காக இழுத்துக்கொண்டே போனால் எல்லா இடமும் முறைவைத்துக் கல்லைத் தொடும்.

சவரக்கத்தியின் வடிவம் அறிவானது. முதுகின் கனமே தீட்டும் கோணத்தை, ஏறக்குறைய 16 முதல் 18 பாகையை, நிர்ணயிக்கிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் கிடந்தால் கோணத்தை நாம் கணக்கிட வேண்டியதில்லை. தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாளைக் கொடுங்கள், அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தில் இந்தக் கோணமும் போகும், மெல்லிய வாய் சூடேறி எஃகின் பதமும் போகும். சூட்டால் வாயோரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் இனிக் கூரைத் தாங்காது.

கத்தியின் வாயில் சில்லு பெயர்ந்து பல் விழுந்திருக்கிறது

குழாயில் இடித்தது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நழுவியது, பிடிக்குள் மடிக்கும்போது வாய் பிடியின் ஓரத்தில் பட்டது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. மூன்றாவதைச் சோதிக்க மெதுவாக மடித்துப் பாருங்கள். கத்தி பிடியின் நடுவே இறங்க வேண்டும்.

கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு பல்லுக்குக் காரணம் வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒன்றைக் காட்டினார்கள். எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் வாயிலிருந்து சில்லு பெயர்கிறது. அவர்கள் பார்த்தது பிளேடுகளை. ஆனால் முடியை ஊறவைத்து இளக்குங்கள், தோலை இறுக்குங்கள் என்று பெரியவர் சொன்னதன் காரணம் எனக்கு அதைப் படித்தபோதுதான் முழுதாக விளங்கியது.

சிறு பல்லை 5000, 8000 எண் கற்களில் எடுத்துவிடலாம். நகத்தில் தட்டுப்படும் பல்லுக்கு மட்டுமே 1000. முதுகில் ஒரு சுற்றுக் காப்புப் பட்டை (இன்சுலேஷன் டேப்) ஒட்டிக்கொண்டால் தேய்மானம் குறையும். பல் போனதும் பட்டையை எடுத்துவிட்டு வாய்ச்சரிவை மீண்டும் அமையுங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கி விரிசல் ஓடியிருந்தால் அந்தக் கத்தியைப் பயன்படுத்தவே வேண்டாம்.

கறையும் துருவும்

சாம்பல், நீலக் கறை கெடுதல் அல்ல. கரிம (கார்பன்) எஃகு வயதாகும் விதம் அது. சிவந்த துரு கெடுதல், அதுவும் வாயோரத்தில் இருந்தால். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் புள்ளி விழும். சவரம் முடிந்ததும் துடைத்து, துணிவாரில் சில முறை இழுத்து, ஒரு மணி நேரம் திறந்தே வையுங்கள். சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குப்பிடிக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது பயணத்துக்கு மட்டும்.

எண்ணெய் தடவியும் பிடியின் உள்ளே இருக்கும் பகுதி மட்டும் திரும்பத் திரும்பத் துருப்பிடித்தால் பிடியை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணந்தால் அது செல்லுலாய்டு. கெட்டுப்போகத் தொடங்கிய செல்லுலாய்டு அமில ஆவியை விடும், அதுதான் எஃகைத் தின்கிறது. பிடியை மாற்றியே ஆக வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள், சாமி விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பழம்பொருள் கடையில் வாங்கிய கத்தி எதையும் வெட்டவில்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்குகளுக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிகளுக்கும் நடுவே இன்றும் சவரக்கத்திகள் கிடைக்கின்றன. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்று வால்பகுதியில் பொறித்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிவிடுகிறோம். பொறிப்பைவிட வாய் முக்கியம். வாய் நேராகவோ சற்றுப் புடைத்தோ இருக்கலாம், உள்நோக்கிக் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். துருக்குழி வாய்வரை வந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பிடி யானைத் தந்தம் என்று சொன்னால் கீழே வைத்துவிடுங்கள். இந்தியாவில் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

இப்படி வாங்கிய கத்திக்கு மட்டும்தான் நான் கல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு, 1000 எண் கல்லில் வாயின் முழு நீளத்திலும் இருபக்கச் சரிவும் சந்திக்கும்வரை பொறுமையாகத் தீட்டுங்கள். சந்தித்துவிட்டதா என்பதற்கு மணிக்கட்டுக்கு மேலே உள்ள முடியே சாட்சி, வாயின் எந்த இடத்தை வைத்தாலும் அது சீவப்பட வேண்டும். அது நடக்கும்வரை அடுத்த கல்லுக்குப் போவதில் பயனில்லை. பிறகு 5000, 8000, 12000, துணிவார், தோல்வார்.

முதல் நாள் ஒரு கன்னம் மட்டும் செய்யுங்கள், மழைநீரில் கட்டிய நுரையோடு. மீதியைப் பழகிய ரேசரால் முடித்துக்கொண்டு, மறுநாள் அந்தக் கன்னத்தைத் தடவிப் பாருங்கள்.